வரிவடிவமும் பிஞ்சு விரலும்

எழுத்தின் ஒலியைப் பற்றித் தமிழிலக்கணம் விரிவாகப் பேசும். எவ்வொலி எவ்விடத்துப் பிறக்கும், நாவும் இதழும் எங்ஙனம் பொருந்தும், ஒவ்வொன்றும் எத்துணை மாத்திரை ஒலிக்கும் என்பனவற்றைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்துக் கூறினர். எழுத்தின் வடிவத்தைப் பற்றி அவர்கள் கூறியவை மிகச் சில. மெய் புள்ளி பெறும், எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பன போன்ற ஒரு சில விதிகளோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. வடிவத்தைக் கை எங்கே தொடங்கி, எவ்வழியே சென்று, எங்கே முடித்தல் வேண்டும் என்பதற்கு நூற்பா இல்லை. அதற்குத் தேவையும் அன்று இருந்ததில்லை. அவ்வறிவு திண்ணைப் பள்ளி ஆசிரியரின் விரலில் இருந்தது. மாணவனின் விரலைப் பற்றி மணலில் இழுத்த அக்கணத்தே அது கைமாறியது.

நூலில் ஏறாத அறிவு, கைமாறும் வழி அடைபட்டால் மறைந்து போகும். இன்றைய தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர் எழுத்துப் பழகும் முறையை நோக்குவார்க்கு அத்தகைய மறைவு ஒன்று நிகழ்ந்துகொண்டிருப்பது புலனாகும்.

காஜாங் நகரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ இருந்த ஊர் அது. மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதலில் நட்ட தோட்டங்களுள் ஒன்றாகிய இன்ச் கென்னத், 1890களில் இவ்வூர்ப் பக்கத்தில்தான் தோன்றியது. தோட்டத்து லயங்களில் இருந்து வந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வீடமைப்புப் பகுதிகளிலிருந்து பள்ளிக்கு வருகின்றனர். 2017இல் எம்.ஆர்.டி. இரயில் காஜாங் வரை வந்தபின் ஊர் கோலாலம்பூரோடு ஒட்டிக்கொண்டது. இவ்வூரில் வளரும் ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் நான்கு எழுத்து முறைகள் படுகின்றன. இரயில் நிலையத்தில் ரூமி, பள்ளிவாசலில் ஜாவி, சாத்தே கடையை அடுத்த மருந்துக் கடையில் சீனம், கோயில் முகப்பில் தமிழ். பள்ளிக்குள் நுழைந்ததும் தமிழும் ரூமியும் ஒரே ஆண்டில், ஒரே கையில், ஒரே பென்சிலில் பழகப்பட வேண்டியவை ஆகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைக்கு இல்லாத சுமை இது. அதே வேளையில், எழுத்துப் பயிற்சி செம்மையாக நடந்தால் அப்பிள்ளைக்குக் கிட்டாத கைத்திறமும் இப்பிள்ளைக்குக் கிட்டும்.

செம்மையாக நடக்கிறதா என்பதே வினா. இதற்கு விடை காணப் புத்தகக் கடைகளில் விற்கும் எழுத்துப் பயிற்சி ஏடுகளைப் புரட்டிப் பார்த்தல் போதும். பாலர் பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளையின் கையில் முதலில் வைக்கப்படுவன அவையே. பெரும்பாலும் அவற்றின் அமைப்பு ஒன்றுதான். பக்கத்தின் தலையில் பெரிய எழுத்து. அருகே அம்மா, ஆடு, இலை என ஒரு படம். கீழே புள்ளிகளால் ஆன அதே எழுத்து நான்கைந்து வரிசைகளில். இறுதி வரிசை வெறுமை. எழுத்தோ கணினி அச்செழுத்து. தடித்தும் மெலிந்தும் செல்லும் அதன் கோடுகள் கண்ணுக்கு அழகியவை. கைக்கு அவை எவ்வழியும் காட்டா. அம்புக்குறிகள் சில ஏடுகளில் உண்டு. ஓர் ஏட்டில் இடமிருந்து தொடங்கும் அம்பு மற்றோர் ஏட்டில் மேலிருந்து தொடங்குவதும் உண்டு.

இத்தகைய பக்கத்தை முடித்துத் தரும் பிள்ளை உண்மையில் செய்தது யாது? புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தது. 'அ'வின் நெடுங்கோட்டைக் கீழிருந்து மேலே ஏற்றியிருக்கலாம். சுழியை இறுதியில் போட்டிருக்கலாம். நான்கு துண்டாக வரைந்து ஒட்டியிருக்கலாம். முடிந்த பக்கத்தில் இவற்றுள் ஒன்றும் தெரியாது. பக்கம் நிறைந்திருக்கிறது, எழுத்து எழுத்தாகத் தோன்றுகிறது, ஆசிரியர் ஒரு விண்மீன் போட்டுத் தருகிறார். ஈராண்டு கழித்துச் சொல்வதெழுதுதலில் ஆசிரியரின் வாய் மூன்றாம் சொல்லுக்குப் போகும்போது அப்பிள்ளையின் கை முதற்சொல்லின் நடுவில் நிற்கும். அப்போது பிள்ளை மந்தம் என்பர். அல்லது தமிழ் கடினம் என்பர். பின்னது முன்னதினும் கொடிய தீர்ப்பு. ஏனெனில் அதைக் கேட்கும் பெற்றோர் சிலர் அடுத்த பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கின்றனர்.

எழுத்தைக் கண்ணுக்குரிய உருவமாக மட்டுமே கருதியதே இப்பிழையின் வேர். எழுதும் கைக்கு எழுத்து ஒரு வழி. வழிக்குத் தொடக்கம் உண்டு, திருப்பம் உண்டு, முடிவு உண்டு. வழியை அறிந்தவன் இருட்டிலும் நடப்பான். உருவத்தை மட்டும் அறிந்தவன் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து வரைவான். புள்ளி ஏடு பார்த்து வரையவே பழக்குகிறது.

இதனை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், லோரா எங்கல்ஹார்ட் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, படிக்கத் தெரியாத ஐந்து வயதுச் சிறுவர் சிலரை வைத்துச் செய்யப்பட்டது. அவர்கள் எழுத்துகளைச் சிலவற்றை வெறுங்கையால் எழுதியும், சிலவற்றைக் கோட்டின் மேல் கோடிட்டும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் பழகினர். பின்னர் அவ்வெழுத்துகளை அவர்களுக்குக் காட்டி மூளையின் இயக்கத்தைப் படம் பிடித்தபோது, படிப்பதற்குப் பயன்படும் பகுதிகள் வெறுங்கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே விழித்தெழுந்தன. கோட்டின் மேல் கோடிட்டதற்கும் தட்டியதற்கும் அவ்விழிப்பு இல்லை. ஆய்வு ரோமன் எழுத்துகளைக் கொண்டது, சிறிய அளவினது, அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் கை தானே வழி தேடிச் சென்ற எழுத்தைத்தான் கண் பின்னர் எளிதில் இனங்காண்கிறது என்னும் அதன் முடிவு, தமிழாசிரியர் எவர்க்கும் வியப்பளிக்காது. ண, ன இரண்டையும் மயங்கும் பிள்ளை சுழிகளை எண்ணிப் பார்க்கத் தடுமாறும். கையோ 'மூன்று சுழி' என்று சொல்லிக்கொண்டே சுழற்றினால் தவறாது.

மணலுக்கு வருவோம். திண்ணைப் பள்ளி மணலைப் பற்றிப் பேசினால் பழமை பேசுவதாகச் சிலர் நகைப்பர். அவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்க விரும்பித் திண்ணை ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து விரலால் மணலில் எழுதிப் பழகினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப்பின், சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், அந்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் கொணரப் பணித்தார். அவருடைய துணையாசிரியர்கள் மணலில் கற்பிப்பதைப் பொருட்படுத்தவில்லை. எனவே ஒரு சிறுவனையே மற்றச் சிறுவர்க்கு ஆசிரியனாக்கினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் புகுந்தது. தமிழ்ச் சிறுவர் விரல் பழகிய மணல் கடல் கடந்து சென்று ஆங்கிலச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தது. நாமோ அதனைக் கைவிட்டோம்.

மணலின் சிறப்பு யாது? முதலாவது, அது விரலுக்குத் தடை தரும். தடை உள்ள இடத்தில் விரல் தான் செல்லும் திசையை உணரும். வழவழப்பான தாளிலும் தொடுதிரைக் கண்ணாடியிலும் அவ்வுணர்வு குன்றும். இரண்டாவது, அது அழியும். அழிந்ததும் அடுத்த எழுத்தைப் பிள்ளை வெறுமையிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியர் எழுதிய தடத்தின் மேல் ஓரிரு முறை விரலை ஓட்டலாம், அதில் குற்றமில்லை. தடம் கலைந்தபின் தானே எழுதுவதுதான் பயிற்சி. புள்ளி ஏட்டிலோ தடம் கலைவதே இல்லை. மணலில் தொடங்கி ஓலைக்குப் போகும் அக்காலக் கல்வியை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் பதிந்துள்ளார். ஓலையில் எழுத்தாணியைத் தூக்கித் தூக்கி வைத்தல் எளிதன்று. ஆதலின் ஒரே இழுப்பில் ஓடும் வழியைக் கை தானே நாடியிருக்கும். (ஓலை கிழியுமென்று அஞ்சியே தமிழெழுத்து வட்டமாயிற்று என்று எல்லாரும் எழுதுகின்றனர். ட, ப, ம ஆகியவை தம் நேர்கோடுகளோடு ஓலையிலும் வாழ்ந்தே வந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.)

மரியா மாண்டிசோரி அம்மையார் மணல் தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் எழுதும் திசையிலேயே தடவச் செய்தார். 1907இல் உரோமாபுரியில் தம் முதற் பள்ளியைத் தொடங்கியவர் அவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டணம் மிகுந்த பாலர் பள்ளிகள் சில மாண்டிசோரி முறை என விளம்பரம் செய்து மணல் தட்டை வைத்திருக்கின்றன. நமக்கு உரியது அயலாரின் பெயரோடு திரும்பி வந்தால் நாம் அதற்குக் கட்டணம் கட்டவும் ஆயத்தமாய் இருக்கிறோம்! விசயதசமி நாளில் கோயில்தோறும் தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். முறை அதுவே. அந்த ஒரு நாளோடு அரிசி பானைக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் காலையில் புள்ளி ஏடு வருகிறது.

அடுத்து, எவ்வெழுத்தை முதலில் எழுதுவிப்பது என்னும் வினா. அரிச்சுவடி அகரத்தில் தொடங்குகிறது. ஒலியை நோக்க அவ்வரிசை மிகச் சிறந்தது. குற்றெழுத்தின் அருகே அதன் நெட்டெழுத்து, வல்லினத்தின் அருகே அதன் மெல்லினம் என வாய்க்குக் கற்பிக்க அதனினும் செப்பமான வரிசை வேண்டா. ஆனால் கைக்கு? 'அ'வில் சுழி, வளைவு, கிடைக்கோடு, நெடுங்கோடு என நான்கு வேலைகள் உள்ளன. 'இ' அதனினும் கடிது. 'ஈ'யோ எவ்வினத்திலும் சேராத் தனியன். பென்சில் பிடிக்கவே பழகாத கையை மிகக் கடினமான வடிவங்களின் முன் முதல் நாளே நிறுத்துகிறோம். பிள்ளையின் வாய் 'அ, ஆ' என்று சொல்லட்டும். கை 'ட'வில் தொடங்கட்டும்.

'ட' என்பது ஓர் இறக்கமும் ஒரு திருப்பமும். அக்கை நில்லாது மேலேறினால் 'ப'. ஏறிய கோடு உள்நோக்கி மடங்கி இறங்கினால் 'ம'. மூன்றெழுத்தும் ஒரே வழியின் மூன்று நிறுத்தங்கள். இவற்றோடு புள்ளி ஒன்றைக் கற்றவுடன் படம், மடம், பட்டம், மட்டம் எனச் சொற்களைப் பிள்ளை எழுதிவிடும். தானே எழுதிய முதற் சொல்லைத் தானே படிக்கும் பிள்ளையின் முகத்தைக் கண்ட ஆசிரியர், பயிற்சி ஏட்டின் விண்மீனைப் பெரிதாகக் கருதார். இது புதுவது புனைந்த முறையன்று. தமிழகத்துத் தொடக்கநிலை நூல்களிலும் இம்முறை எடுத்தாளப்பட்டதுண்டு. ஆயினும் வீட்டிலும் பாலர் பள்ளியிலும் அகரத்தை முதலில் எழுதாவிடில் குற்றம் என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை. ஓதும் வரிசையும் எழுதும் வரிசையும் வேறாக இருத்தல் கூடும் என்பதை ஏற்பதில் என்ன இழுக்கு?

இவ்விடத்து எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கைக்கொண்ட மாற்றங்களுள் 13 எழுத்துகளின் வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா முதலிய ஒன்பதும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் அவை. மலேசியாவும் சிங்கப்பூரும் அவற்றையே பின்னர்ப் பள்ளிகளில் ஏற்றன. பிள்ளையின் நினைவுச் சுமை குறைந்தது. அச்சுக் கோப்பவரின் அறைப்பெட்டியும் குறைந்தது. அம்மாற்றம் தக்கதே. எனினும் கையின் பக்கம் நின்று நோக்கினால் சிறிய இழப்பு ஒன்று தெரியும். யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறி தன் வளைவிலிருந்து அப்படியே 'ல'வின் சுழிக்குள் ஓடிற்று. கை எடுக்க வேண்டியதில்லை. இன்றைய 'லை'யில் இணைக்கொம்பை முடித்துக் கையை எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இழப்பு இவ்வளவே; பழைய வடிவை மீட்க வேண்டுமென எவரும் வாதாட வேண்டியதில்லை. கவலைக்குரியது வேறொன்று. கொம்பும் காலும் தனித்தனி அச்சுகளாய்ப் பிரிந்தபின், உயிர்மெய் என்பது ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்குவது போன்றது என்னும் மனப்பான்மை ஏடுகளிலும் வகுப்பிலும் புகுந்துவிட்டது. 'கொ' எழுதும் பிள்ளை முதலில் 'க' எழுதுகிறது. பின்னர் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் சேர்க்கிறது. காது கேட்கும் வரிசையில் அது நியாயமே, க் என்னும் மெய்க்குப் பின்னரே ஒகரம் ஒலிக்கிறது. கையின் வரிசையில் கொம்பு முன், மெய் நடு, கால் பின். இவ்விரு வரிசைகளும் முரண்படும் இடம் இது என்பதை ஆசிரியர் வாய் திறந்து சொல்லாவிடில் பிள்ளை தானே அறியாது.

உயிர்மெய்களுள் பெருந்தொல்லை தருவன உகர ஊகார வரிசைகள். பதினெட்டு மெய்யும் இரு வரிசையாய் முப்பத்தாறு வடிவங்கள். இவற்றுக்கும் இகர ஈகார வரிசைகளுக்கும் தனிக் குறிகள் வகுத்துச் சுமையைக் குறைக்க வேண்டுமென வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வலியுறுத்தினார். மலேசியாவிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாதத்தில் இரு சாராரும் வடிவங்களின் எண்ணிக்கையையே பேசினர். கையின் அசைவை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அசைவால் நோக்கினால் உகர வரிசையின் பதினெட்டும் மூன்று குடும்பங்களாய் அடங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் வலப்பக்கத்தில் இறங்கிக் கீழே இடப்புறமாய் வளையும்; இதனைக் கீழ்விலங்கு என்பர். ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் நேரே இறங்கும். அஃது இறங்கு கீற்று. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழும் கீழிறங்கி மடங்கி வலப்புறம் மேலேறும். அதற்கு மடக்கு ஏறு கீற்று என்று பெயர். மூன்று அசைவுகள் கைவந்தால் பதினெட்டு வடிவங்களும் கைவரும். ஊகாரத்தில் இக்குடும்பங்கள் சுழியோ காலோ ஏற்கும். 'கூ' ஒன்றே தன் வழியில் போகும். வகுப்பில் கு, ஙு, சு, ஞு என அரிச்சுவடி வரிசையில் எழுதுவிக்கும்போது கை ஒவ்வோர் எழுத்துக்கும் குடும்பம் மாறுகிறது. கற்றதை மறந்து மறந்து கற்கிறது. மொழியிலே அதிகம் வழங்காத ஙு, ஞு இரண்டிலும் பிள்ளையின் நேரம் கழிவது வேறு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று அச்சுறுத்தும் எண்ணுக்குப் பின்னால் எண்ணிவிடத்தக்க சில அசைவுகளே உள்ளன என்பதை முதலாம் ஆண்டு ஆசிரியர் தெளிவாக உணர்ந்துவிட்டால், பெற்றோரிடமும் அவர் வேறு மொழியில் பேசுவார்.

ரூமியோடு தமிழ் மோதும் இடம் ஒன்றையும் காண்போம். மலாய்மொழிப் பாடத்தில் 'துலிசான் பெராங்காய்' என்னும் பெயரில் எழுத்தோடு எழுத்தைக் கோத்துக் கை எடுக்காமல் எழுதும் பயிற்சி உண்டு. ரூமியின் சிற்றெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம் அடிக்கோட்டில் முடிந்து அடுத்த எழுத்துக்குக் கை நீட்டும். ஆதலின் கோத்தல் அங்கே இயல்பு. தமிழெழுத்தின் முடிவிடம் அங்ஙனம் ஓரிடத்தில் இல்லை. 'ட' வலக்கீழே முடியும்; 'ப' வலமேலே; 'ம' தன் வயிற்றுக்குள்ளே; 'கு' இடக்கீழே. அடுத்த எழுத்தோடு கோக்க முயன்றால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும். தமிழில் கோவை சொல்லுக்குள் இல்லை, ஓரெழுத்துக்குள்ளேயே இருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லித் தராவிடில் இரு கேடு விளையும். ரூமியில் கோக்கப் பழகிய பிள்ளை தமிழிலும் எழுத்துகளைப் பின்னிக் குழப்பும். அல்லது தமிழில் துண்டு துண்டாய் வரையப் பழகிய கை ரூமியிலும் கோக்க மறுக்கும். ஒரே பிள்ளை இரு ஆசிரியரிடம் இரு வேறு குறை சுமந்து நிற்கும். இருவரும் ஒருவரையொருவர் கலந்து பேசுவதில்லை. ரூமி எழுத்தின் ஏறு கோட்டுக்கும் இறங்கு கோட்டுக்கும் என அமைந்த நான்கு கோட்டு ஏட்டிலேயே தமிழையும் எழுதுவிக்கும் வழக்கம், மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளையைத் திகைக்க வைக்கிறது.

தமிழில் கோத்தெழுதும் மரபே இல்லையோ எனின், உண்டு; அது பெரியவரின் மரபு. பழைய கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என எழுதினர். சொல் முழுவதையும் ஒரே சுழற்சியில் அடக்கிய கூட்டெழுத்துகள் இவை. விரைந்தெழுதும் கை காலப்போக்கில் தேய்த்தெடுத்த கூழாங்கற்கள். செம்மையான வழியில் பல்லாயிரம் முறை நடந்த கைக்கே இவ்விரைவு வந்தது. உயர்நிலை மாணவர்க்கு இவற்றைக் காட்டிப் பழங்கடிதங்களைப் படிக்கப் பழக்குதல் நன்று. ஆறு வயதில் விரைவைத் தேட வேண்டியதில்லை. அவ்வயதில் விரைவு கேட்கும் ஆசிரியர்க்கு ஒழுங்கும் கிட்டாது, விரைவும் கிட்டாது.

நேரமில்லை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த மறுமொழி. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அம்மறுமொழியில் ஓரளவு உண்மையும் இருந்தது. கட்டுரையும் கருத்துணர்தலும் ஆறாம் ஆண்டில் காத்திருக்க, முதலாம் ஆண்டின் மணற்பயிற்சி வீண்பொழுதாகத் தோன்றிற்று. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் கைப்பேசித் திரையில் எழுத்தறிந்த பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்த ஆசிரியர்க்கு, எழுத்தின் வழியைத் தொலைவிலிருந்து காட்டுதல் எத்துணை அரிது என்பதும் விளங்கியிருக்கும். திரையில் முடிந்த எழுத்து தெரிந்தது. பிள்ளையின் விரல் தெரியவில்லை.

உறுப்பெழுத்து என்னும் அருஞ்சொல் ஒன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வழங்குகிறது. எழுத்தை அதன் உறுப்புகள் அமைய எழுதுதல் என்பது அதன் பொருள். சொல் அழகாக வாழ்கிறது. செயல் பல இடங்களில் பார்த்தெழுதுதலாகச் சுருங்கிவிட்டது. அழகிய கையெழுத்துக்குப் பரிசு தரும் போட்டிகளிலும் முடிந்த தாளையே நடுவர் காண்கின்றனர். எழுதும் கையைக் காண்பவர் இல்லை. 'கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது' என்று நம் பாட்டிமார் கூறிய பழமொழி வேறு, அழகில்லாக் கையெழுத்தினர்க்கு ஆறுதலாய் இன்றும் நிற்கிறது. அழகு இங்குப் பேச்சன்று. மலாயாத் தோட்டப்புறங்களில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் கையெழுத்து ஏடுகள் நடத்திய இளைஞர் பலரின் எழுத்து அழகானதாக இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு படிக்கு அத்தனை பக்கம் எழுதச் சலியாத கை அவர்களிடம் இருந்தது. இந்நாட்டு எழுத்தாளர் பலரும் அவ்வேடுகளில்தான் முதலில் எழுதினர்.

காஜாங்கில் தமிழ்ப்பள்ளி இருக்கும் ஊரிலேயே யூ ஹுவா சீனப்பள்ளியும் இருக்கிறது. சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஓரெழுத்தைக் கற்கும்போது அதன் ஒலி, பொருள், கோடுகளின் வரிசை ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்கிறது. எக்கோடு முன், எக்கோடு பின் என்பது அங்கு ஆசிரியரின் விருப்பமன்று. எழுத்தின் ஓர் உறுப்பே ஆகும். கட்டத்தை நான்காய்ப் பகுத்த ஏட்டில் பிள்ளை எழுதுகிறது. வரிசை பிழைத்தால் வடிவம் சரியாயிருப்பினும் பிழை என்றே கொள்வர். ஆயிரக்கணக்கான எழுத்துகளை அப்பிள்ளைகள் தாங்குவதற்கு அவ்வரிசை தரும் துணை சிறிதன்று. தமிழுக்கு அத்தகைய வரிசை இதுவரை பொதுவாக வகுக்கப்பட்டு எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுபோல் வழங்கவில்லை.

இதனை மெய்ப்பித்துக் காட்டக் கருவி ஒன்றும் வேண்டா. தமிழாசிரியர் பத்துப் பேரைக் கரும்பலகையின் முன் நிறுத்தி 'க' எழுதச் சொன்னால் போதும். ஒருவர் மேற்கோட்டில் தொடங்குவார். ஒருவர் நெடுங்கோட்டில் தொடங்குவார். ஒருவர் இடச்சுழியை முதலில் இட்டு அதிலிருந்து ஏறுவார். பத்தும் 'க'வாகவே தோன்றும். அப்பதின்மரிடமும் ஆண்டுதோறும் மாறி மாறிப் பயிலும் பிள்ளை, இவற்றுள் எவ்வழியில் தன் கையை நடத்தும்? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர்களும் கூடும் அடுத்த கருத்தரங்கில், வேறெந்தத் தலைப்பையும் எடுக்குமுன், 'க' எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்யலாம்.